கையுறை போடாதவர்

முன்னறையில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருக்க, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஆய்வுக்கூட இயக்குநர் அவரைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சுடுகாட்டு வண்டி நாலு மணிக்கு. அதற்குள் இரங்கல் குறிப்பு பத்திரிகைகளுக்குப் போயாக வேண்டுமாம். வந்ததிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார். மகள் அவர் முன்னால் காபியை வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் இவருக்குத் தலையாட்டி என்று பெயர். எழுதும்போதும் தலை ஆடியது.

"'சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தை உலகுக்குத் தந்தவர்.' எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கு சார். உண்மையா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"துக்கத்துல பேசறீங்க." தலையாட்டி இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். "அடுத்த வாரம் நாலு ஆஸ்பத்திரியில இந்த ரத்தப் பரிசோதனையை ஆரம்பிக்கிறோம். அப்பா பேர்லயே. குடும்பத்து சார்பா நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

அப்பாவின் தொழில் புரதங்களை எடை போடுவது. ரத்தத்திலுள்ள புரதங்களைத் துண்டுகளாக்கி மாஸ் ஸ்பெக் என்ற இயந்திரத்தில் செலுத்தினால், அது ஒவ்வொரு துண்டின் எடையையும் சொல்லும். அதை வைத்து எது எந்தப் புரதம் என்று அறிவார்கள். கையுறை போடு, தலையை மூடு என்பதுதான் அந்தத் துறையில் முதல் நாள் பாடம். நம் தோலிலும் முடியிலும் இருக்கும் கெராட்டின் என்ற புரதம் துளி உதிர்ந்தாலும் இயந்திரம் அதைத்தான் முந்திக்கொண்டு காட்டும்.

அப்பாவுக்குக் கையுறை பிடிக்காது. போட்டால் விரலுக்குப் பதம் தெரியாதாம், மாவு பிசைகிறவர் மாதிரி. நோயாளிகளின் ரத்தம் முக்கியமானது என்பதால் அதை அவரே வெறுங்கையால் தயார் செய்தார். நோயில்லாதவர்களின் ரத்தம் உதவியாளரிடம் போயிற்று. அவர் பயந்த சுபாவம், கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டார். ஆகவே நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் ஒரு கெராட்டின் அகப்பட்டது. நோயுற்ற சிறுநீரகம் உதிர்ப்பது அது என்று அப்பா அடித்துச் சொன்னார். இருபத்திரண்டு வருடம், நாற்பது கட்டுரை, மூன்று பரிசு. மனிதர் தன் தோலையே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மகள் இரண்டு ரத்தத்தையும் கையுறை போட்டுச் செய்து பார்த்தாள். வித்தியாசமே இல்லை. இதே மேசையில்தான் சொன்னாள். "உனக்கு இன்னும் கை பழகல" என்றார் அப்பா. அவளுடைய கட்டுரை எந்த இதழிலும் வராமல் பார்த்துக்கொண்டார். அதிலிருந்து ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள்.

அம்மா வந்து அவள் தோளைத் தொட்டாள். "இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிட்டு போட்டுக் குடுத்துடேன். போன மனுஷன்."

"போனது அவர்தாம்மா. இந்தப் பரிசோதனை போகலையே."

அம்மா முன்னறைக்குத் திரும்பினாள்.

பின்வாசலில் உதவியாளர் நின்றிருந்தார். நாலாக மடித்த தாள் ஒன்றை அவளிடம் கொடுத்தார்.

"பாப்பா, இதை அவரோடவே அனுப்பிடு. என்னால வீட்டுல வச்சுக்க முடியல."

இயந்திரம் அச்சிட்ட தாள். போன வருடத் தேதி. ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தில், 'அவள் சொன்ன முறை. புரதம் இல்லை.'

"கதவைச் சாத்திட்டு கையுறை போட்டார் பாப்பா. நான் பார்த்து அதுதான் முதல் தடவை. எல்லா ரத்தத்தையும் அவரே செஞ்சார். ஒண்ணும் வரல. ரொம்ப நேரம் திரையையே பார்த்துட்டு இருந்தார்."

"அப்புறம்?"

"கழட்டிப் போட்டுட்டு மறுபடியும் செஞ்சார். வந்துச்சு. 'இந்த ரிசல்ட்டையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு'ன்னார்."

கையுறை போட்டார் என்றதும் ஒரு நொடி அவளுக்கு மனசு குளிர்ந்தது. கழட்டிப் போட்டார் என்றதும் அது போயிற்று. தெரியாமல் செய்த முட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். முட்டாளை என்றைக்காவது மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகு ஒரு வருடம் இருந்திருக்கிறது அவருக்கு. ஒரு போன் செய்திருக்கலாம். தப்பை ஒத்துக்கொள்ளக்கூட வேண்டாம். சாப்பிட்டியா என்று கேட்டிருந்தால் அவளே புரிந்துகொண்டிருப்பாள்.

"இது வெளிய வந்தா உங்க வேலை போயிடுமே, அண்ணா."

"போகும்" என்றார் உதவியாளர். தாளைத் திருப்பிக் கேட்கவில்லை.

அவள் உள்ளே போய் இரங்கல் குறிப்பின் மேல் அதை விரித்து வைத்தாள். தலையாட்டி படித்தார். தலை ஆடுவது நின்றது. இன்னொரு முறை படித்துவிட்டு, அழகாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு எதுக்கும்மா இதெல்லாம். நான் பார்த்துக்கறேன்."

தாளைத் திருப்பிக் கேட்டு அவள் அவர் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். அவர் காபியை எடுத்துக் குடித்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது. முன்னறையில் நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டார்கள்.

"வந்து கடைசியா ஒரு தடவை அப்பா முகத்தைப் பார்த்துடும்மா" என்று முன்னறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "தூக்கப் போறாங்க."

"வரேம்மா" என்றாள். நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.