திருச்சிக்குப் போன விதுஷா

இலங்கை மலைநாட்டில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு மேலே, மலையை ஒட்டிய தொழிலாளர் வரிசைவீடுகளான கடைசி லயத்திலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன முதல் ஆள் விதுஷா. வெளிநாடு என்றால் திருச்சி. அங்கே ஒரு கல்லூரியில் உதவித்தொகையோடு விலங்கியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. தன் பாட்டன் கப்பலேறி வந்த பக்கம் அதுதான் என்று அப்பா ஜெயராசா எல்லோரிடமும் சொன்னார். எந்த ஊர் என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

விடுதியில் அவள் பேச்சைக் கேட்டவர்களுக்கு ஏமாற்றம்.

"சிலோன் பொண்ணுன்னாங்க. எங்க ஊரு ஆளாட்டம்தானே பேசுற?" என்றாள் அறைத்தோழி ஆதிலா. "யாழ்ப்பாணத் தமிழ் கொஞ்சம் பேசேன்."

"நாங்க யாழ்ப்பாணம் இல்ல. பதுளை. தேயிலைத் தோட்டம்."

"அப்ப இங்கேருந்து போனவங்கதானே? நீ எப்படி வெளிநாட்டுக்காரி?"

போலீசில் பதிவதற்கு மணிக்கணக்காக உட்கார வைத்தபோது மட்டும் விதுஷா வெளிநாட்டுக்காரிதான். வெயிலில் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. சோறு தொண்டையில் இறங்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அம்மாவிடம் போனில் பேசுவது ஒன்றுக்காகவே நாளைக் கடத்தினாள். அம்மா லீலா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நின்று பேசுவாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

கார்த்திகையில் மலைப்பக்கம் மழை பிடித்துக்கொண்டது.

"என்னால முடியலம்மா. நான் வந்துர்றேன்" என்று ஒரு நாள் விதுஷா அழுதாள்.

"அழுவாத. மழை கொட்டுது, ஒண்ணும் கேக்கல. நாளைக்குப் பேசுவோம். கட்டாயம் எடுப்பேன், என்ன?"

மறுநாள் காலை மேட்டில் வெடிப்பு கண்டு, லயத்து ஆட்களையெல்லாம் கீழே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். விதுஷாவுக்கு அது தெரியாது. வழக்கம்போல அழைத்தாள். அம்மாவும் எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

விதுஷா சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள், வெயிலைப் பற்றிச் சொன்னாள், தன்னைப் பார்த்துச் சிரிக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அம்மா "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். நடுவில் பேச்சு அறுந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தாள். மறுபடியும் மறுபடியும் அழைத்தாள். அம்மா எடுக்காததில் அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த நாள், பதுளையில் கடை வைத்திருக்கும் றிகாஸின் போனிலிருந்து அப்பா பேசினார்.

"மேடு சரிஞ்சு அம்மா மண்ணுக்குள்ள போயிருச்சும்மா."

கொழும்பில் விமானம் இறங்கியபோது மலைநாட்டு ரயில் ஓடவில்லை. பாதை பல இடங்களில் அடைபட்டிருந்தது. பஸ் மாறி மாறி, சில இடங்களில் நடந்தும் அவள் வந்து சேர்வதற்குள் அம்மாவைத் தோண்டியெடுத்துப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறையில் அப்பா பாயில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரையும் கீழ கொண்டாந்துட்டாங்களாமே. அம்மா எதுக்குப்பா மேல போனாங்க?"

"ஒன்கூட பேசத்தான். வேணாம்னுதான் சொன்னேன். புள்ள அழுவுது, எடுப்பேன்னு சொல்லிட்டேன்னு போயிருச்சு."

அவர் குற்றம் சொல்லவில்லை. மாற்றிச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

விதுஷா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அழ வரவில்லை.

"நான் இனி போகலப்பா. ஒங்ககூடவே இருக்கேன்."

"எங்க இருப்ப?"

லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் கிடந்தது. வேறு வீடு எங்கே தருவார்கள், எப்போது தருவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டுமென்று ஆட்களை வெளியேறச் சொன்னபோது, அப்பா ஹாலிஎலயில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போனார். அந்த வீட்டில் இன்னொருவர் படுக்க இடமில்லை. விதுஷாவுக்கென்று இருந்தது திருச்சி விடுதிக் கட்டில் ஒன்றுதான். அவள் திரும்பிப் போனாள்.

அதன்பிறகு அவள் ஊருக்குப் போக வேண்டுமென்று சொன்னதில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். யாருக்கும் போன் செய்யவில்லை.

"இப்பத்தான் ஒரு வழியா பழகியிருக்கா" என்று விடுதிக் காப்பாளர் ஆதிலாவிடம் சொன்னார்.

விதுஷா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.