அலசிப் பிடித்த தண்ணீர்

திருச்சுழி பஸ் நின்று போகிற எங்கள் ஊரில் கிணறெல்லாம் உப்பு. குடிக்க ஊருணி ஒன்றுதான். 1989 கோடையில், தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ராஜகுரு என்ற சுகாதார ஊழியர் வீட்டுக்கொரு சின்ன பாட்டில் கொடுத்துப் போனார். உள்ளே மருந்தில் நனைத்துக் காயவைத்த பழுப்புத் தாள். குடிக்கிற தண்ணீரை நிரப்பி மூடிவைக்க வேண்டும். ஓரிரு நாளில் கருத்தால் தண்ணீர் கெட்டது. அவ்வளவுதான் சோதனை.

டீக்கடை அருஞ்சுனையின் பாட்டில் மட்டும் கருத்தது.

வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்தது. "அவ குடத்தைக் கழுவுனாத்தானே!" என்றாள் எதிர்வீட்டுப் பொன்னுத்தாய். கடை பெஞ்சு காலியானது. புருஷனை இழந்த அருஞ்சுனைக்கு அந்தக் கடைதான் சோறு போட்டது.

கோபத்தைவிட அவளுக்குக் குடைச்சல்தான் அதிகம். எல்லாரும் மொள்வது அதே ஊருணி, அதே படித்துறை. எனக்கு மட்டும் எப்படிக் கருக்கும்?

ராஜகுரு திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இன்னொரு பாட்டில் குடுங்க. பொன்னுத்தாயி மதினி வீட்டுத் தண்ணிய என் கண்ணு முன்னால பிடிக்கட்டும்."

பொன்னுத்தாய் சளைக்கவில்லை. பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டினாள். பழுப்பாகப் போனது. மறுபடி குலுக்கினாள்.

"என்ன மதினி பண்றீக?"

"குடிக்கிற தண்ணிய அலசாத ஏனத்துலயா பிடிப்பாக? எம்புட்டு அழுக்கு பாருங்க!"

ராஜகுரு தலையில் அடித்துக்கொண்டார். "அது அழுக்கில்லக்கா, மருந்து!"

சுத்தக்கார ஊர், மருந்தை அலசிக் கொட்டிவிட்டுச் சோதனை பார்த்திருக்கிறது. அலசக் கூடாது என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு பஸ் வந்த அவசரத்தில் அருஞ்சுனை மட்டும் அலசாமல் பிடித்துவிட்டாள்.

புது பாட்டில்கள் வந்தன. இந்த முறை யாரும் அலசவில்லை. எல்லாம் தார் மாதிரி கருத்தன.

பொன்னுத்தாயைக் கேட்க அருஞ்சுனை நறுக்கென்று நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அவளோ இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள். பேதியில் வாடிப்போன பிள்ளை.

"கண்ணேறுன்னு சுத்திப் போட்டேன் மதினி. தாகம்னு அழுகுறப்பல்லாம் இந்தத் தண்ணியத்தானே ஊத்துனேன்..."

அருஞ்சுனை பெஞ்சைத் துடைத்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

"உக்காருங்க மதினி. கொதிச்ச தண்ணி இருக்கு."

பாய்லர் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்தாள். டீ ஆற்றுகிற கையால், பிள்ளைக்காக அந்த வெந்நீரை ஆற்றத் தொடங்கினாள்.