எடிட் செய்த படம்

மீன் தொட்டிகளில் வளர்க்கும் உயிருள்ள பவளங்களை நானும் தம்பியும் இணையத்தில் விற்கிறோம். ஒவ்வொரு பவளத்தின் படத்துக்குக் கீழேயும் "எடிட் செய்த படம்" என்று நான் எழுதிவிடுவேன். அது தம்பிக்குத் துளியும் பிடிக்காது. மற்ற கடைக்காரர்கள் எல்லாம் "எடிட் இல்லை" என்று மார்தட்டுகிறார்களாம்.

"நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கறோம்க்கா."

பவளம் வளர்வதற்காகத் தொட்டிகளுக்கு மேலே எரிவது நீல விளக்கு. அதனடியில் கேமரா எல்லாவற்றையும் நீலத்தில் முக்கி எடுத்துக் கொடுக்கும். அதை அப்படியே போட்டால்தான் பொய். நான் கணினியைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பவளத்தை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை பார்த்து, கண்ணுக்குத் தெரியும் அதே நிறம் வரும்வரை நீலத்தைக் குறைப்பேன். அதற்கு மேல் ஒரு பொட்டு நிறம் ஏற்ற மாட்டேன்.

அன்று, எங்களிடம் இருந்ததிலேயே பெரிய பவளத்தைப் படமெடுத்தேன். ஓரத்தில் ஒரு பழுப்புத் திட்டு.

"அதை மட்டும் அழிச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றான் தம்பி.

"வாங்கறவருக்குக் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"இது மட்டும் திரும்பி வந்துச்சுன்னா, இனிமே படத்தை நான் பார்த்துக்கறேன். நீ பார்சல் பெட்டி கட்டு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி, பார்த்துக்கோ," என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பக்கென்றது. இந்த வேலையை விட்டால் எனக்கு அந்தக் கடையில் என்ன இருக்கிறது?

அந்தப் பவளத்தைக் கேட்டுப் போன் செய்தவர் ஒரு பல் மருத்துவர். "எடிட்னு நீங்களே போட்டிருக்கீங்க. ஏமாத்து வேலையா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். நீல விளக்கின் கதையைச் சொன்னேன். அரை மனதாக வாங்கினார்.

பெட்டி போய்ச் சேர்ந்ததிலிருந்து தம்பி போனையே முறைத்துக்கொண்டிருந்தான். மருத்துவர் கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போட்டான்.

"பவளம் நேத்துதான் நல்லா விரிஞ்சுச்சும்மா. உங்க படத்தைத் தொட்டிக்குப் பக்கத்துல பிடிச்சுப் பார்த்தேன். அச்சு அசலா அதே நிறம். அந்தப் பழுப்புத் திட்டுகூட அதே இடத்துல இருக்கு. எடிட் இல்லைன்னு சொன்னவங்ககிட்ட வாங்கினது ஒண்ணுகூட இப்படி இல்ல. வேற என்ன வச்சிருக்கீங்க?"

தம்பி போனை என் கையில் கொடுத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமைதான், அதை மறைப்பானேன்.

அடுத்த பவளத்தின் படத்தை அவனே இணையத்தில் ஏற்றினான். கீழே என்ன எழுதித் தொலைத்திருக்கிறானோ என்று எட்டிப் பார்த்தேன்.

"எங்க அக்கா எடிட் செய்த படம்."