கானுக்குக் கொடுத்த வசனம்

இராஜேஸ்வரி எழுதிய நாடகத்தில் செங்கிஸ்கானுக்கு நாலே நாலு வசனம்தான் இருந்தது. வேண்டுமென்றேதான் அப்படி எழுதினாள். எண்ணூறு வருடமாக உலகம் அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது, என்னுடைய மேடையிலாவது வாயைப் பொத்திக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தாள்.

வன்னியில் சரித்திரம் படிப்பித்தவள் அவள். ரொறன்ரோவுக்கு வந்தபின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறை வீடும், ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் ஒரு வேலையும் கிடைத்தன. வேலை முடிந்தால் நூலகம். அங்கே மங்கோலியரைப் பற்றி மட்டும் ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள் இருந்தன. கானின் குதிரைப்படை, அவன் போட்ட தபால் வழிகள், அவனுடைய சட்டங்கள், எல்லாச் சமயத்தவருக்கும் அவன் கொடுத்த இடம். காட்டுமிராண்டி என்று எழுதியவர்களும் இருந்தார்கள், அவன் வந்திராவிட்டால் கிழக்கும் மேற்கும் சந்தித்தே இராது என்று எழுதியவர்களும் இருந்தார்கள். கவிஞர்களுக்கும் நாவல்காரருக்கும் அவன் என்றால் கொண்டாட்டம். புகாரா நகரம் எரிந்த கதையை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். சனங்களை வெட்டவெளிக்கு ஓட்டிக்கொண்டு போனபோது கூட்டத்தில் காணாமற்போன ஒரு பெண்ணின் பெயர் எங்காவது இருக்குமா என்று பார்த்தாள். தளபதிகளுக்குப் பெயர் இருந்தது. அறிஞர் சிலருக்கும் இருந்தது.

அவளுடைய தங்கை துர்க்கா, இரண்டாயிரத்து ஒன்பதில், போரின் கடைசிக் கிழமைகளில் ஒருநாள், தண்ணீர் எடுத்துவாறன் என்று பங்கர்க் குழிக்கு வெளியே போனவள். திரும்பி வரவில்லை. கேட்க வேண்டிய இடமெல்லாம் இராஜேஸ்வரி கேட்டுவிட்டாள். துர்க்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதனால்தான் எண்ணூறு வருடம் தள்ளிப்போய், தங்கையைத் தேடி அலையும் ஸைனப் என்ற ஒருத்தியைப் புகாராவில் உண்டாக்கினாள். இரண்டு வருடம் எழுதினாள். கடைசிக் காட்சியில் ஸைனப் வெட்டவெளியில் கிடக்கும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கிறாள். அங்கே சத்தமே இல்லை.

ஸ்காபரோவில் நாடகக் குழு நடத்தும் ஜனார்த்தன் வாசித்துவிட்டுக் கண் கலங்கினான். "ரீச்சர், இந்த வருசம் இதைத்தான் போடுறம்," என்றான்.

ஸைனப் வேடத்துக்குச் சாந்தா என்ற கோயம்புத்தூர்க்காரி வந்தாள். ஐ.டி வேலை, ஆனாலும் ஒத்திகைக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. கானாக விநாயகமூர்த்தி. ரூஜ் பக்கத்தில் வீடு வாங்கி விற்றுக் கொடுப்பவர். மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அவர் மெல்லப் பேசினாலே கடைசிக் கதிரைவரை கேட்கும்.

இரண்டாவது ஒத்திகையிலேயே அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, குறை நினைக்காதையும். பள்ளிவாசலுக்குள்ள குதிரையோட வாறவன், பிரசங்க மேடையில ஏறுறவன், சும்மா நிண்டிட்டு இறங்குறதே? சனம் என்னத்தைப் பாக்கும்?"

"அவன் என்ன செய்தவன் எண்டதைத்தான் அண்ணை நாடகம் முழுக்கச் சொல்லியிருக்கிறன்."

"செய்தவன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எவ்வளவு பெரிய நிர்வாகி! உலகத்தையே ஒரு குடைக்குள்ள கொண்டு வந்தவன். அவனுக்கொரு பேச்சு வேணும். வில்லன் பலமா இருந்தாத்தானே உம்மட பெட்டையிலயும் பரிதாபம் வரும்."

இராஜேஸ்வரி ஜனார்த்தனைப் பார்த்தாள். "ஒரு சின்னப் பேச்சு எண்டால் காணும் ரீச்சர்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

வேலை இல்லாத ஒரு காலையில் குசினி மேசையில் உட்கார்ந்தாள். கிழமைக்கணக்கில் இழுபடும் என்றுதான் நினைத்தாள். ஊற்றிய தேத்தண்ணி ஆறுமுன்னம் முடிந்துவிட்டது. வசனங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. 'அணை போட நான் ஆறல்ல. நான் குளிர். உங்கள் கதவிடுக்கு எனக்குப் போதும். உங்கள் பிள்ளைகள் என் பெயரைச் சொல்லித் தங்கள் பிள்ளைகளை நித்திரையாக்குவார்கள்.' எழுதி முடித்துவிட்டு வாய்விட்டு வாசித்தாள். மயிர் கூச்செறிந்தது. தான் எழுதியதிலேயே நல்ல எழுத்து இதுதான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஸைனபுக்கு இப்படி ஒரு வரிகூட வாய்க்கவில்லை. தாளைக் கிழித்துப் போடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் ஜனார்த்தனுக்கு அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்தது. மனைவியின் குளிர்க்கோட்டை உள்ரோமம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு விநாயகமூர்த்தி மேடைக்கு வந்தார். பிரசங்க மேடையில் ஏறினார். "நான் குளிர்," என்று அவர் சொன்னபோது கதிரை அசையும் சத்தம்கூட இல்லை. பேச்சு முடிந்ததும் விசில் பறந்தது. பின்வரிசை இளைஞர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். "வன்ஸ் மோர்!" என்று யாரோ கேட்க, விநாயகமூர்த்தியும் தயங்கவில்லை. முழுப் பேச்சையும் மறுபடி பேசினார். அதற்குப் பிறகும் கைதட்டல் ஓயவில்லை.

அடுத்து ஸைனப் வந்து, "மண்குடத்தோடு போன என் தங்கையைக் கண்டீர்களா?" என்று கேட்டபோது சனம் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்க எழுந்து போய்க்கொண்டிருந்தது.

இராஜேஸ்வரி திரைக்குப் பின்னே ஓடினாள். அங்கே ஜனார்த்தன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ரீச்சர், ஹோல்காரர் மண்டபத்தை விடச் சொல்லி நிக்கிறாங்கள். அண்ணை ரெண்டு தரம் பேசினதில நேரம் போயிட்டுது. கடைசிக் காட்சியை விடுவம்."

"அது இல்லாட்டி இது என்ன நாடகம், ஜனார்த்தன்?"

"சனம் சந்தோசமா இருக்கு ரீச்சர். இப்பிடியே முடிச்சா நல்லது."

சாந்தா முகத்தில் சாம்பல் பூசிக்கொண்டு தயாராக நின்றாள். "அக்கா, அந்த சீன் இல்லைன்னு சொல்றாங்களே. நிஜமாவா?" என்று கேட்டாள். அதற்குள் எல்லாரையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விநாயகமூர்த்தி ஒலிவாங்கியை வாங்கி, "இந்த வசனம் எழுதின கைக்கு என்ன குடுத்தாலும் தகும்," என்றார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. சின்னப் பிள்ளைகள் கானோடு படம் எடுக்க வரிசையில் நின்றார்கள்.

பேச்சை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அது எங்கும் பரவியது. ஒரு மாதம் கழித்து ஜனார்த்தன் தொலைபேசியில் கூப்பிட்டான். அஜக்ஸ் நகரில் ஒரு விழாவாம், கான் பேச்சு மட்டும் போதுமாம்.

"என்ர பேர் போடக்கூடாது. பேச்சையும் போடக்கூடாது," என்றாள்.

"ரீச்சர், அது இப்ப எல்லாருக்கும் மனப்பாடம். நீங்கள் வேண்டாமெண்டாலும் நிக்காது."

தடுத்துவிடலாம் என்றுதான் அவள் அஜக்ஸுக்குப் போனாள். பேருந்து பிந்தியதில் ரயிலைத் தவறவிட்டாள், அடுத்ததைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பேச்சுத் தொடங்கிவிட்டிருந்தது. கதவடியில் நின்றாள். முன்வரிசைப் பிள்ளைகள் விநாயகமூர்த்தியோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஒரு மனிசி அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கும் பாடம்போல," என்றாள்.

அப்போதுதான் இராஜேஸ்வரி தன் உதடுகள் அசைவதை உணர்ந்தாள்.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தாள். வாகனத் தரிப்பிடத்தில் பழைய பனி கறுத்துக் கிடந்தது. ஸைனபின் கடைசிக் காட்சியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரவில்லை. துர்க்கா அன்றைக்குப் போகும்போது என்ன சொன்னாள் என்று யோசித்தாள். தண்ணீர் எடுத்துவாறன் என்றுதான் சொன்னாள். எந்தக் குரலில் சொன்னாள் என்பதுதான் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. உள்ளே இருந்து கானின் குரல்தான் மறுபடி கேட்டது. வன்ஸ் மோர் கேட்டிருப்பார்கள்.