மலை வளர்ந்த பெட்டிகள்

"மலைகள் பொய் சொல்லலாம், அவற்றின் மண் படிந்த படுகைகள் ஒருபோதும் பொய் சொல்லா" என்று பேராசிரியர் ராஜரத்தினம் முழங்கினார். படுகை பொய் சொல்லவில்லைத்தான். அதைப் பெட்டியில் அடுக்கினவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வவுனியா மண்டபத்தின் கடைசி வரிசையில் கஜேந்தினி பல்லைக் கடித்தபடி இருந்தாள். நாயாற்றுக்குப் பக்கத்தில் துளைபோட்டு எடுத்த மண்ணைப் பதினொரு மாதம் அரித்து, கழுவி, மணிமணியாகப் பார்த்தவள் அவள். ஆழத்தில் சேறு, அதற்கு மேலே மணல், எல்லாவற்றுக்கும் மேலே கூழாங்கல். மலை எழும்ப எழும்ப ஆற்றுக்கு வேகம் ஏறும்; வேகம் ஏற, அது உருட்டிவரும் கல்லும் பருக்கும். மலையகத்து மலை முளைக்கத் தொடங்கின காலம் அந்தச் சேற்றுக்கு மேலேதான் எழுதிக் கிடந்தது. வாசித்தவள் அவள். அவளுடைய தற்காலிக வேலையோ இந்த மாதத்தோடு சரி. "மேடையில உம்மட பேரைச் சொல்லுறன், பிள்ளை. பிறகு ஆர் உம்மை வேலையால நிப்பாட்டுறது?" என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

கண்டுபிடிப்பை அறிவிக்கும் இந்த விழாவுக்கென்று, அந்த மண்ணை வைத்த பெட்டிகளுக்கு நீலப் பெயின்ற் அடித்ததில், மேல் கீழ் காட்டும் அம்புக்குறிகள் மறைந்துபோயின. காலையில் பேராசிரியரே கோட்டைக் கழற்றிவிட்டு அவற்றை மேடையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சேர், கல்லு மேல வரோணும்."

"பாரமானது அடியில, பிள்ளை. உது பாலர் வகுப்புக்கும் தெரியும். நீர் போய்த் தேத்தண்ணியைப் பாரும்."

பார்த்தாள். நூற்றிருபது கோப்பை.

இப்போது அவர் அவள் எழுதிக்கொடுத்த தாளை வாசித்தார்: "கீழிருந்து மேலே போகப் போகக் கல் பருக்கிறது..." கையிலிருந்த கோல் கல்லிலிருந்து சேற்றுக்கு ஏறியது. அதற்கும் கை தட்டினார்கள்.

முன்வரிசையில் பொன்னாடையோடு இருந்த கணபதி எழும்பினார். மலையகத்திலிருந்து வந்து நெல் விதைத்துக் கமம் செய்கிறவர்; துளை போட்டது அவருடைய காணியில்.

"ஐயா, நான் பக்கத்துலயே நின்னு பாத்தேனுங்க. கல்லுதான் முதல்ல வந்துச்சு, சேறு கடைசியா. நீங்க காட்டுறபடி பாத்தா எங்க மலை வளரல, கரைஞ்சில்ல போயிருக்கு?"

மண்டபம் சிரித்தது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பெட்டி அடுக்கினது நானில்லை. எங்கட உதவியாளர். அவாவை இப்ப உங்களுக்கு அறிமுகப்படுத்துறன். எழும்பும், பிள்ளை."

கஜேந்தினி எழும்பினாள்.

"பழி போடுறதெண்டால் பேரைச் சொல்லிப் போடுங்கோ, சேர்."

அவர் ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். பொத்தினது போதவில்லை, கடைசி வரிசைவரை கேட்டது. பேராசிரியருக்கு அவளுடைய பெயர் தெரியாது.