அமாவாசைச் சாப்பாடு

ரங்கூனில் சப்பான்காரன் குண்டு போட்ட பிறகு மந்திரமூர்த்தியிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. அவனோடு அங்கே பலசரக்குக் கடையில் நின்றவர்கள் காட்டுவழியாக நடந்தே, கால் வீங்கிப் பாதி உயிராகத் தூத்துக்குடி வந்து சேர்ந்துவிட்டார்கள். "வழியில பிரிஞ்சிட்டோம்" என்றார்கள். அதற்கு மேல் அவர்களைக் குடைந்து என்ன ஆகப்போகிறது?

அவன் பெண்டாட்டி செல்லக்கனி அதற்கப்புறம் ஒரே காரியத்தில் பிடிவாதமாக இருந்தாள். அமாவாசைதோறும் சாப்பிடுவாள். மூன்றாம் பிறையைக் கண்டு தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும், பௌர்ணமிக்கு அம்மன் கோயிலில் விளக்கேற்றுவதும் எல்லாப் பெண்களும் செய்வதுதான். அமாவாசை அப்படியல்ல. புருஷனை இழந்தவள்தான் அன்று விரதம் இருப்பாள். புருஷன் இருக்கிறவள் பட்டினி கிடக்கக் கூடாது. ஆகவே செல்லக்கனி, தெருப் பெண்கள் தண்ணீருக்குப் போகிற நேரமாகப் பார்த்து, வாசலில் உட்கார்ந்து ஒரு கும்பா பழையதை விழுங்குவாள். பசியாவது, ருசியாவது! ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் இல்லாமல் நாலாவது ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க விடியற்காலையில் கடற்கரைக்குக் கிளம்பிய கொழுந்தன் அய்யாக்குட்டி, வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"மைனி, அய்யர்ட்ட கேட்டேன். செத்த நாளு தெரியாதவங்களுக்கு அமாவாசதான் திதியாம். அண்ணன் பேரையும் இன்னைக்குச் சேத்துச் சொல்லிரட்டுமா? அந்த ஆத்துமா தண்ணியில்லாம அலையாண்டாம்."

"உயிரோட இருக்க மனுசனுக்கு எள்ளுந் தண்ணியும் எறைப்பியாலே நீ?"

தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். அதோடு விடவில்லை. கடற்கரை வரைக்கும் அவன் பின்னாலேயே போய், அய்யர் முன்னால் நின்று, மாமனார் பேரோடு நிறுத்த வைத்துவிட்டுத்தான் திரும்பினாள். அப்போதும் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. நெஞ்சு மரத்துப்போய் வெகுநாளாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து வாழைக்காயும் பூசணிக்காயும் நறுக்கினாள். பருப்பு வேக வைத்தாள். காக்கைக்குச் சோறு வைத்து, கொழுந்தனுக்கு இலை போட்டு, பாத்திரமெல்லாம் விளக்கிக் கவிழ்த்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அய்யாக்குட்டியின் பெண்டாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பழையது வச்ச எடத்துலயே இருக்கு? மத்தியானச் சோறும் அப்படியே இருக்கு?"

செல்லக்கனி யோசித்துப் பார்த்தாள். சாப்பிடவில்லை. கோபத்தில் வேண்டாம் என்று தள்ளியதும் இல்லை. சும்மா மறந்துபோயிருந்தாள். பயப்படப் பார்த்தாள், வரவில்லை. அழப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. உடம்புக்கு எப்போதோ தெரிந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது.

தன் கடையை அடைத்துவிட்டு வந்த அய்யாக்குட்டியிடம் போய் நின்றாள்.

"அடுத்த அமாவாசைக்கு ஒங்க அண்ணன் பேரையுஞ் சேத்துச் சொல்லிரு." உப்பு வாங்கி வரச் சொல்கிற குரல்தான்.

காலையில் தான் போட்ட சண்டையில் கால்வாசியாவது அவன் இப்போது போடுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி மைனி" என்றான்.