இரண்டு பிளக் மூடியும் மொறவக்க ஏற்றமும்

என் புருஷன் பியசிறிக்குப் பெண்டாட்டி பிள்ளை எல்லாம் அந்த மோட்டார் சைக்கிளுக்கு அப்புறம்தான். ஜப்பானில் செய்த பழைய வண்டி, இரண்டு சிலிண்டர், பின்னால் மரத்தில் மீன் பெட்டி. விடியுமுன் மிரிஸ்ஸ துறைமுகத்தில் சூரையும் சாளையும் ஏற்றிக்கொண்டு, மொறவக்க மலைத் தோட்டம் வரைக்கும் கூவி விற்றுவிட்டு வருவார். போன மாசம் அந்தத் துறைமுகப் படியிலேயே வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார்.

"நான் போறேன்"ன்னு சொன்னேன்.

"நீயா? மீன் வியாபாரத்துக்கா? மலைக்கா?" மாவுக்கட்டோடு எழுந்திருக்கவே பார்த்தார் மனுஷன்.

"ஏன், வாங்க வர்றவங்க மீனப் பாப்பாங்களா, என் மீசையப் பாப்பாங்களா?"

அதற்குமுன் நான் தேங்காய் மட்டை அடித்துக்கொண்டிருந்தேன். மட்டை ஊறப்போட்ட குழியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, அழுகின மட்டையை அடித்து அடித்து நார் எடுக்கிற வேலை. அந்த நாற்றம் சோப்புப் போட்டாலும் போகாது. வண்டியில் ஏறி மலைக்காற்று முகத்தில் அடித்த முதல் நாளே முடிவு பண்ணிவிட்டேன், செத்தாலும் அந்தக் குழிக்குத் திரும்பமாட்டேன் என்று. மலைப் பெண்களுக்கும் என்னைப் பிடித்துப்போயிற்று. கேட்கிற மாதிரி துண்டு போட்டுக் கொடுப்பேன், ஊர்க்கதையும் கொஞ்சம் சேர்த்து.

எல்லாம் மழை தொடங்கும்வரைதான். மழை விழுந்ததும் ஏற்றத்தில் வண்டி இருமும், திக்கும், நின்றுவிடும். பெட்டியோடு தள்ளிக்கொண்டு போவேன். ஐஸ் உருகி, பாதி மீன் விற்காமல் வீட்டுக்குத் திரும்பும்.

"ஆள் மாறினது வண்டிக்குத் தெரியும்" என்றார் படுக்கையிலிருந்து.

"அது என்ன, யானையா? பாகனைத் தேட?"

மனுஷன் சிரிக்கவில்லை. பழைய வண்டி வாங்கி விற்கிற வெலிகமை விமலேயைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டார். விலை சரிப்பட்டால் கொடுத்துவிடுவாராம். வண்டி போனால் நேரே மட்டைக் குழிதானே?

வெள்ளிக்கிழமை மறுபடி மழை. மொறவக்க ஏற்றத்தில், பலாமரங்கள் கவிந்து பகலிலேயே இருட்டிக் கிடக்கிற வளைவில், வண்டி திக்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அணையவிடாமல் ஓரங்கட்டி, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். இஞ்சினுக்கு முன்னால், பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தருகிற இரண்டு பிளக். மழை படாமலிருக்க, அவற்றின் மூடிகளைப் பாலித்தீன் பையால் சுற்றி ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார் இவர். தன் சொந்த மூளையாம், யாரும் கைவைக்கக் கூடாதாம். அந்தப் பாலித்தீனுக்குள்ளே நீலமாக ஒரு பொறி, படக் படக்கென்று மூடியின் வெடிப்பிலிருந்து இஞ்சினுக்குத் தாவிக்கொண்டிருந்தது.

சும்மா இருந்தேனா? தொட்டேன். அம்மே! முழங்கை வரைக்கும் சுண்டி இழுத்தது.

வண்டியை அணைத்துப் பையைப் பிய்த்தால், சோற்றுப்பானை மூடி மாதிரி உள்ளே முத்து முத்தாய் வேர்த்திருக்கிறது! உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லை. பிளக்குக்குப் போகவேண்டிய பொறி அந்த ஈரத்தில் வழிதப்பி வெளியே ஓடுகிறது. ஒரு சிலிண்டர் செத்துக் கிடக்க, மற்றது மட்டும் என்னையும் மீனையும் எப்படி இழுக்கும்? மூடியைத் துடைத்துக் காயவைத்து, நொண்டிக்கொண்டே மொறவக்க மோட்டார் சாமான் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

"புருஷன வரச் சொல்லுங்க அக்கா, அவருக்குத்தான் எதுன்னு தெரியும்" என்றான் கடைக்காரன்.

"அவருக்குத் தெரிஞ்ச லட்சணம் இதுதான்" என்று பாலித்தீனை மேசையில் போட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு புது மூடி எடுத்துக் கொடுத்தான்.

கடை வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். பழசைத் திருகிக் கழற்றினால் வயர் நுனி பாசி பிடித்தமாதிரி பச்சை. அப்படியே புதுசைத் திருகினேன். சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. இழுத்தால் கையோடு வந்துவிட்டது. சரி, அழுகினதில் எது பிடிக்கும்? மீன் கத்தியை எடுத்தேன்.

"ஐயோ, அக்கா! அந்தக் கத்தியாலயா?"

"சூரை முள்ளையே வெட்டுது, இத வெட்டாதா?"

வயரில் அரை விரல் நீளம் வெட்டினதும் உள்ளே செம்பு பளபளவென்று வந்தது. இப்போது திருகினால் மூடி கப்பென்று பிடித்துக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. மற்றதையும் அப்படியே போட்டேன். உதைத்த முதல் உதையில் இரண்டு புகைக்குழாயும் சேர்ந்து பேசின. அன்றைக்கு மழையில் எல்லா ஏற்றமும் ஏறினேன். மத்தியானத்துக்குள் பெட்டி காலி.

வீட்டில் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் பாலித்தீனுக்காகச் சண்டை வரும்.

ஞாயிற்றுக்கிழமை விமலே வந்தான். தூறலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனான். திரும்பி வரும்போது வாயெல்லாம் பல்.

"என்ன பியசிறி அண்ணே, மழைல நொண்டுதுன்னீங்க? பறக்குதே! சொன்ன விலைக்கு மேலேயே தர்றேன்."

பாவி, என் தலையில் நானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டேனே! நொண்டி வண்டியை ஒருவேளை வேண்டாமென்று விட்டுப் போயிருப்பான். நானே பழுதுபார்த்து, நானே விற்கத் தயார்பண்ணி வைத்திருக்கிறேன்.

இவர் ஊன்றுகோலோடு வந்து இஞ்சினை எட்டிப் பார்த்தார். "என் பாலித்தீன் எங்க?"

"பிச்சு எறிஞ்சிட்டேன். தண்ணியப் பூட்டி வச்சதே அதுதான்."

"புது மூடி யாரு மாட்டினா?"

"பேய் வந்து மாட்டிச்சு. யாரு மாட்டுவா? நான்தான்."

ஒரு மூடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மற்றதையும் இழுத்தார். முகத்தைப் பார்த்தால் கோபமா என்னவென்று எனக்குப் புரியவில்லை.

"அப்ப நான் எடுத்துக்கிட்டுப் போகவா அண்ணே?" என்றான் விமலே.

"நாளைக்கு விடியறதுக்குள்ள அவ துறைமுகத்துக்குப் போகணுமே விமலே" என்றார் இவர். "எதுல போவா?"

"அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"டீ குடிக்கத்தான். சோமே, விமலேக்கு ஒரு டீ போடு."

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். பாவம் விமலே, டீக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.